பசி மாதத்தில் வரும் பணம்

மானாவாரி நிலத்தை நம்பி வாழும் சிறு உழவர் குடும்பத்துக்கு வருமானம் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. செலவு நாள்தோறும் வருகிறது. அந்தக் குடும்பத்தின் வறுமையைப் புரிந்துகொள்ள இந்தப் பொருத்தமின்மையிலிருந்து தொடங்குவதே சரியான வழி. ஆண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் அதன் வருமானம் குறைவு என்பது உண்மைதான். அந்தக் குறைந்த வருமானமும் எந்த மாதத்தில் கையில் இருக்கிறது, எந்த மாதத்தில் இல்லை என்பதைப் பொறுத்தே அடுத்த ஆண்டின் விளைச்சல் அமைகிறது. அரசு ஒரு சிறு தொகையை நிபந்தனை ஏதுமின்றித் தவறாமல் கொடுத்துவந்தால் அந்தக் குடும்பத்தில் என்ன மாறும் என்ற கேள்விக்கான விடையும் பெரும்பாலும் இந்த நாட்காட்டிக்குள்தான் இருக்கிறது.

இந்தக் கேள்வி மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட நாடுகளில் ஜாம்பியா முதல் வரிசையில் நிற்கிறது. அங்கே மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் ஓய்கிறது. பாசன வசதி மிகக் குறைவு என்பதால் பெரும்பாலான சிறு உழவர்களுக்கு ஆண்டுக்கு ஒரே போகம். முக்கியப் பயிர் மக்காச்சோளம். அதன் மாவைக் கொதிநீரில் கிளறிச் செய்யும் ‘ந்ஷிமா’ என்ற களிதான் அன்றாட உணவு. ஏப்ரல் கடைசியிலிருந்து கதிர் அறுத்துக் குதிரில் சேர்ப்பார்கள். அடுத்த சில மாதங்களுக்கு வயிறாரச் சாப்பாடு உண்டு. நவம்பரில் விதைக்கும்போது குதிர் பாதிக்கு மேல் குறைந்திருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் துடைத்தெடுத்தாற்போல் இருக்கும். வயலில் பயிர் பச்சையாக நிற்கிறது, ஆனால் அதில் சாப்பிட எதுவும் இல்லை. அந்த நாட்டில் இது பசிக் காலம் என்றே அழைக்கப்படுகிறது.

இந்தப் பசிக் காலம் வேளாண் வேலையின் உச்சக் காலமும்கூட. மக்காச்சோளம் முளைத்த முதல் சில வாரங்களில் களை எடுத்தே ஆக வேண்டும். அந்த வாரங்களில் களை முந்திக்கொண்டால், மண்ணில் உள்ள சத்தையும் ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும். பிறகு எத்தனை முறை கொத்தினாலும் போன விளைச்சல் திரும்பாது. டிராக்டரோ களைக்கொல்லியோ இல்லாத வீட்டில் இந்த வேலை முழுவதும் மண்வெட்டியால், குனிந்த முதுகால் நடக்க வேண்டும். வீட்டில் வேலை செய்யக்கூடிய பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கலாம். வீட்டில் மாவு இல்லை. கடன் கொடுக்க வங்கி இல்லை. சுற்றியுள்ளவர்களுக்கும் அதே மாதத்தில் அதே தட்டுப்பாடு என்பதால் கைமாற்றும் கிடைப்பதில்லை. எஞ்சியிருப்பது ஒரே வழி: கொஞ்சம் வசதியான உழவரின் நிலத்துக்குக் களையெடுக்கப் போவது. கிழக்கு ஜாம்பியாவிலும் பக்கத்து நாடான மலாவியிலும் இந்த அன்றாடக் கூலி வேலைக்கு ‘கன்யூ’ என்று பெயர். கூலி காசாகவும் வரும், மாவாகவும் வரும்.

அன்றைய இரவுச் சாப்பாட்டுக்கு அது போதும். ஆனால் அந்த ஒரு நாளில் குடும்பத்தின் சொந்த வயலில் எடுத்திருக்க வேண்டிய களை எடுக்கப்படவில்லை. இப்படி ஜனவரியில் பத்துப் பதினைந்து நாள் போனால் மே மாதத்தில் குதிருக்கு வரும் மூட்டைகள் குறையும். குறைந்தால் அடுத்த ஆண்டுப் பசிக் காலம் இன்னும் முன்னதாகவே தொடங்கும். அப்போது கூலிக்குப் போகும் நாட்கள் இன்னும் கூடும். சோம்பலோ அறியாமையோ இதில் எங்கும் இல்லை. எல்லோரும் காலையிலிருந்து மாலைவரை உழைக்கிறார்கள். உழைப்பு மட்டும் தவறான வயலில், தவறான மாதத்தில் விற்கப்படுகிறது.

குந்தர் ஃபிங்க், கெல்சி ஜாக், ஃபெலிக்ஸ் மசியே என்ற மூன்று பொருளியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கிழக்கு ஜாம்பியாவின் சிப்பாட்டா மாவட்டத்தில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த ஊர்களில், பசிக் காலத்தின் தொடக்கத்தில் சிறு கடன் கொடுத்தார்கள். ஒரு வகைக் கடன் 200 குவாச்சா, அறுவடைக்குப் பின் 260 குவாச்சாவாகத் திருப்ப வேண்டும். இன்னொரு வகை மூன்று மூட்டை மக்காச்சோளம், திருப்புவது நான்கு மூட்டை. வட்டி குறைவென்று சொல்ல முடியாது. ஆனாலும் கிட்டத்தட்ட எல்லாக் குடும்பங்களும் வாங்கின, பெரும்பாலானவை திருப்பியும் கட்டின. கடன் கிடைத்த ஊர்களில் கன்யூவுக்குப் போகும் நாட்கள் குறைந்தன, சொந்த வயலில் உழைப்பு கூடியது, விளைச்சல் உயர்ந்தது. கூலிக்கு ஆள் குறைந்ததால் அந்த ஊர்களில் நாட்கூலியும் உயர்ந்தது. கூலிக்குப் போயே ஆக வேண்டியிருந்த மிக ஏழைகளுக்கு அதுவும் லாபம். இந்த ஆய்வு கடனைப் பற்றியது, உதவித்தொகையைப் பற்றியது அல்ல. ஆனால் உரிய மாதத்தில் கையில் இருக்கும் சிறு பணம் வயலில் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

உதவித்தொகையின் கதை அதே நாட்டில் சற்று முன்பே தொடங்கிவிட்டது. 2003-04-இல் தெற்கிலுள்ள கலோமோ மாவட்டத்தில், ஜெர்மன் அரசின் உதவியுடன், மிக வறிய சுமார் 1,000 குடும்பங்களுக்கு மாதம் 30,000 பழைய குவாச்சா கொடுக்கும் முன்னோட்டம் நடந்தது. 50 கிலோ மக்காச்சோள மூட்டை ஒன்றின் அன்றைய விலையை வைத்து அந்தத் தொகை வகுக்கப்பட்டது. 2010-இல் ஜாம்பியா அரசு குழந்தைகள் உதவித்தொகைத் திட்டத்தை மூன்று மாவட்டங்களில் தொடங்கியது. வடக்கே காங்கோ எல்லையை ஒட்டிய கபூட்டா, மேற்கே அங்கோலா எல்லையை ஒட்டிய கலபோ, ஷங்கோம்போ ஆகியவை அவை. நாட்டின் மிக எட்டாத, மிக வறிய மூலைகள் என்பதாலேயே அவை தேர்ந்தெடுக்கப்பட்டன. மழைக்காலத்தில் அங்கு போய்ச் சேர்வதே பாடு.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள எல்லா வீடுகளுக்கும் மாதம் 60 குவாச்சா (2013-இல் மூன்று சுழியங்கள் நீக்கப்பட்ட புதிய நாணயக் கணக்கில்). அன்றைய மதிப்பில் சுமார் 12 அமெரிக்க டாலர். குடும்பத்தில் எத்தனை பேர் இருந்தாலும் தொகை ஒன்றே. ஒவ்வொருவருக்கும் மாதம் முழுக்க ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூடுதலாகத் தரலாம் என்பது திட்டமிட்டவர்களின் கணக்கு. குடும்பங்கள் ஏற்கெனவே செலவழித்துவந்த தொகையில் இது கால் பங்குக்குச் சற்று மேல் வந்தது. வங்கிக் கிளைகள் இல்லாத பகுதி என்பதால் பணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 120 குவாச்சாவாக, ரொக்கமாகவே போனது. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரோ சுகாதார நிலைய ஊழியரோ குறித்த நாளில் பட்டியலைப் பார்த்துக் கொடுப்பார். வாங்கிக்கொள்பவர் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் தாய்தான். எதற்குச் செலவு செய்தாய் என்று கேட்பாரில்லை.

திட்டத்தை எல்லா ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் விரிக்கப் பணமில்லை. அந்தத் தட்டுப்பாட்டையே ஆய்வுக்கு வாய்ப்பாக்கினார்கள். 90 சமூகங்களில் பாதிக்கு முதலில் பணம், மீதிப் பாதி காத்திருக்க வேண்டும். எது எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. 2,515 குடும்பங்களை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். தொடக்கத்தில் இரு தரப்பிலும் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் கடும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. ஆகவே பின்னால் தென்பட்ட வேறுபாட்டுக்கு மழையோ சந்தை விலையோ காரணமாக முடியாது. அவை இரு தரப்புக்கும் பொது. பணம் மட்டுமே ஒரு தரப்புக்குரியது.

முதலில் மாறியது அடுப்பங்கரை. கூடுதலாகச் செலவான பணத்தில் பெரும்பகுதி உணவுக்குப் போனது. ஒரு நாளில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுவந்த வீடுகள் இரண்டு வேளைக்கு நகர்ந்தன; களியோடு மீன், எண்ணெய், பருப்பு சேர்ந்தன. குழந்தைகளுக்குச் செருப்பும் போர்வையும் மாற்றுத் துணியும் வந்தன. வறுமையை அளப்பவர்கள் இந்த மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மாற்றுத் துணி இல்லாத பிள்ளை, துணி துவைத்த நாளில் பள்ளிக்குப் போவதில்லை. பழைய கடன்கள் அடைபட்டன. இதுவரை எல்லோரும் எதிர்பார்த்தபடிதான்.

வியப்பு அடுத்து வந்தது. இது குழந்தைகளுக்கான பணம். உழவுக்கு ஒரு குவாச்சாவும் ஒதுக்கப்படவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளில் பயிரிடும் பரப்பு குடும்பத்துக்குச் சராசரியாக 0.18 ஹெக்டேர் கூடியிருந்தது. அரை ஹெக்டேர் அளவில் பயிர் செய்துவந்தவர்களுக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான உயர்வு. விதைக்கும் உரத்துக்கும் ஆள்கூலிக்கும் காசு போட்ட வீடுகளின் பங்கு ஏறக்குறைய இரட்டிப்பை நெருங்கியது. கோழியோ ஆடோ மாடோ வைத்திருக்கும் வீடுகள் 21 சதவீதப் புள்ளிகள் அதிகரித்தன. சிறு வியாபாரம் தொடங்கிய வீடுகளும் கூடின. அந்த வியாபாரத்தைப் பெரும்பாலும் பெண்களே நடத்தினார்கள். அடுத்தவர் வயலில் கூலிக்குப் போவது குறைந்தது, அதிலும் பெண்களிடையே குறைவு அதிகம். மொத்த உழைப்பு குறையவில்லை. அது இடம் மாறியது.

திட்டம் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு சுதான்ஷு ஹாண்டாவும் சக ஆய்வாளர்களும் இதையும், செரென்ஜே, லுவிங்கு மாவட்டங்களில் நடந்த இன்னொரு ஜாம்பிய உதவித்தொகைத் திட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். பெற்ற தொகையைவிடச் சராசரியாக 67 சதவீதம் அதிகமாகக் குடும்பங்கள் செலவழித்துக்கொண்டிருந்தன. நூறு குவாச்சா உள்ளே போனால் 167 குவாச்சா செலவாக வெளியே தெரிகிறது. மீதி 67 அந்த வீட்டு வயலிலிருந்தும் கடையிலிருந்தும் வந்தது.

அந்த 67 எப்படி முளைத்தது என்பதற்குப் பொருளியல் ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. இந்தர்ஜித் சிங், லின் ஸ்குவயர், ஜான் ஸ்ட்ராஸ் ஆகியோர் 1986-இல் தொகுத்த வேளாண் குடும்ப மாதிரிகள் பற்றிய நூல் இதற்கு அடித்தளமிட்டது. உழவர் குடும்பம் உற்பத்தி நிலையமாகவும் இருக்கிறது, உண்ணும் வீடாகவும் இருக்கிறது. கடனும் காப்பீடும் கூலிச் சந்தையும் ஒழுங்காக இயங்கும் உலகில் இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடத் தேவையில்லை. எவ்வளவு உரம் போட வேண்டும் என்பதை மண்ணும் விலையும் சொல்லும். வீட்டில் எத்தனை குழந்தைகள் பசியோடு இருக்கிறார்கள் என்பது அதில் குறுக்கே வராது. கடனும் காப்பீடும் இல்லாத கலபோவில் அது குறுக்கே வருகிறது. விதைக்கு ஒதுக்கிய தானியம் ஜனவரியில் உலையில் விழுகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கோழி விற்கப்படுகிறது. சாப்பாட்டுப் பிரச்சினை உற்பத்தியின் கையைக் கட்டிப்போடுகிறது. ஆகவேதான் உணவுக்கென வந்த பணம் வயலில் பலன் தருகிறது. கட்டு அவிழ்ந்த இடம் அடுப்பங்கரை, பயன் தெரிந்த இடம் நிலம்.

இதில் துணிச்சலின் பங்கும் உண்டு. அடுத்த இரண்டு மாதத்தில் இன்னொரு 120 குவாச்சா நிச்சயம் வரும் என்று தெரிந்த குடும்பம், இன்று கையில் இருப்பதை முழுக்கப் பதுக்கி வைக்கத் தேவையில்லை. உரம் வாங்கி மழை பொய்த்தால் பட்டினி என்ற அச்சம் தணிகிறது. அதனால் விளைச்சல் குறைந்தாலும் நிச்சயமாக விளையும் பயிரை விட்டு, கொஞ்சம் அபாயமும் அதிக வரவும் உள்ள பயிருக்கு நகர முடிகிறது. இன்னும் வராத தவணையும் இப்படி ஒரு காப்பீடாக வேலை செய்கிறது.

இந்த முடிவுகள் ஜாம்பியாவின் தனித்தன்மையா என்றால், இல்லை. மெக்சிகோவின் ஒபோர்த்துனிதாதெஸ் திட்டத்தை ஆராய்ந்த பால் கெர்ட்லரும் உடன் ஆய்வாளர்களும், கிராமக் குடும்பங்கள் ஒவ்வொரு பெசோவிலும் 74 காசை நுகர்ந்து மீதியை முதலீடு செய்ததாகக் கண்டார்கள். இந்தியாவில் 2011-12-இல் சேவா அமைப்பு யுனிசெப் நிதியுடன் மத்தியப் பிரதேசத்தில் ஒரு முன்னோட்டம் நடத்தியது. எட்டு ஊர்களில் ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய்; ஓராண்டுக்குப் பின் 300, 150. அங்கும் கூலி வேலையிலிருந்து சொந்த நிலத்துக்கு உழைப்பு நகர்ந்தது. பழங்குடி ஊர் ஒன்றில் தனியாக நடந்த முன்னோட்டத்தில், கடனுக்கு ஈடாக நிலக்காரரிடம் ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் ‘நௌகர்’ முறையிலிருந்து சிலரால் விடுபட முடிந்தது. பண்ணையாள் முறையை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் கனத்தை விளக்க வேண்டியதில்லை. மாதம் சில நூறு ரூபாய் ஒரு மனிதரின் ஆண்டை அவருக்கே திருப்பித் தந்தது.

தொகை எவ்வளவு என்பதோடு, அது சொன்ன நாளில் வருகிறதா என்பதும் சமமாக முக்கியம். கானாவின் லீப் திட்டம் இதற்கு வருத்தமான சான்று. 2010-க்கும் 2012-க்கும் இடையே அத்திட்டம் குடும்பச் செலவில் சுமார் 7 சதவீத அளவே பணம் தந்தது. அதுவும் 2011-இல் நீண்ட காலம் வராமல் நின்று, 2012 பிப்ரவரியில் மும்மடங்காக ஒரே முறையில் வந்தது. குடும்பங்களின் உணவு நுகர்வில் ஆய்வாளர்களால் எந்த உயர்வையும் காண முடியவில்லை. மொத்தமாக வந்த பணம் கடன் அடைப்பதற்கும், சேமிப்புக்கும், உறவுகளுக்குச் செய்முறை செய்யவும் போனது. அவை பயனற்றவை என்று சொல்வதற்கில்லை. கடன் அடைத்த குடும்பத்துக்கு மீண்டும் கடன் கேட்கும் தகுதி கிடைக்கிறது. ஆனால் எப்போது வரும் என்று தெரியாத பணத்தை நம்பி யாரும் ஜனவரியில் கூலிக்குப் போகாமல் இருக்க முடியாது. தவணை தவறும் திட்டம், தான் தரும் பணத்தின் பாதி மதிப்பைத் தானே அழித்துக்கொள்கிறது.

தவணையாகத் தருவதா, மொத்தமாகத் தருவதா என்ற கேள்வியைக் கென்யாவில் நேரடியாகவே சோதித்தார்கள். மேற்கு கென்யாவின் ரரீடா பகுதியில் கூரை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கு, எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வழியாக, கிவ் டைரக்ட்லி அமைப்பு பணம் அனுப்பியது. யோஹானஸ் ஹவுஸ்ஹோஃபரும் ஜெரமி ஷபீரோவும் நடத்திய ஆய்வில், மாதத் தவணை பெற்ற வீடுகளில் சாப்பாட்டுக் கவலை அதிகம் குறைந்தது. மொத்தத் தொகை பெற்ற வீடுகள் தகரக் கூரை போன்ற நீடித்த பொருட்களை அதிகம் வாங்கின. கூரையும் வீண் செலவல்ல. வேய்ந்த கூரையை அடிக்கடி மாற்றும் செலவு அதனால் மிச்சமாகிறது.

அதே அமைப்பு 2018-இல் தொடங்கிய இன்னொரு சோதனை இதைவிடச் சுவையானது. சில ஊர்களில் ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் சுமார் 22.5 டாலர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு என்ற வாக்குறுதி. வேறு சில ஊர்களில் அதே மாதத்தொகை, இரண்டே ஆண்டுகளுக்கு. மூன்றாம் வகை ஊர்களில் அந்த இரண்டு ஆண்டுத் தொகையை ஒட்டி 500 டாலர், மொத்தமாக. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, புதுத் தொழில் தொடங்குவதில் இரண்டு ஆண்டு மாதத்தொகைக்காரர்கள் மற்ற இரு தரப்பையும்விடப் பின்தங்கியிருந்தார்கள். அதுவரை பன்னிரண்டு ஆண்டுக்காரர்கள் பெற்றதும் அதே பணம்தான். எதிர்காலம் பற்றிய உறுதிதான் வேறு. அவர்கள் ஊருக்குள் சேமிப்புக் குழு கூட்டி, மாதந்தோறும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர்ச் சீட்டு முறையேதான். பணம் தொடர்ந்து வரும் என்ற உறுதி இருந்தால், சிறு தவணையைப் பெருந்தொகையாக மாற்றும் வழியை மக்களே கண்டுகொள்கிறார்கள்.

பணத் தட்டுப்பாடு முடிவெடுக்கும் திறனையே குறைக்கிறதா என்பதும் இந்தத் துறையில் கூர்மையாக விவாதிக்கப்படும் கேள்வி. அதன் மிகப் புகழ்பெற்ற கள ஆய்வு தமிழ்நாட்டில், விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளின் கரும்பு உழவர்களிடம் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் அதை வெளியிட்டார்கள். 54 ஊர்களைச் சேர்ந்த 464 உழவர்களை, கரும்பு வெட்டுவதற்கு முன்னும், வெட்டிப் பணம் கைக்கு வந்த பின்னும் சந்தித்து, அறிவுத்திறன் புதிர்களும் கவனச் சோதனைகளும் தந்தார்கள். வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பின் 4 சதவீதம் பேர் மட்டுமே. அதே மனிதர்கள், வெட்டுக்கு முன் சோதனைகளில் தெளிவாகக் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். இந்த முடிவு எல்லா இடங்களிலும் திரும்பக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் நடந்த ஒரு பெரிய ஆய்வில் இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. அறுவடைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் உழவரின் நெருக்கடியும், இரு வாரச் சம்பளத்துக்குக் காத்திருப்பவரின் நெருக்கடியும் ஒரே தரத்தவை அல்ல என்பது ஒரு நியாயமான விளக்கம். விவாதம் எப்படி முடிந்தாலும், அடகுச்சீட்டைப் பற்றிய கவலை வேறு கணக்குகளுக்கு இடம் தராது என்பதை அந்த உழவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பணம் தாயின் கையில் கொடுக்கப்பட்டதால் வீட்டுக்குள் அதிகாரம் மாறியதா? ஜாம்பியாவில் மாற்றம் சிறிதாகவே இருந்தது. சில செலவுகளில் பெண்ணின் சொல் முன்பைவிட எடுபட்டது. ஆணே வீட்டின் தலைவர் என்ற எண்ணம் அசையவில்லை. ஆனால் பெண்கள் தங்கள் பெயரில் கொஞ்சம் சேமிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சேமிப்பிலிருந்துதான் பலருடைய சிறு வியாபாரம் எழுந்தது. கணவரிடம் கேட்காமல் எடுத்துச் செலவழிக்கக்கூடிய முதல் காசு பலருக்கு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பணம் பெறாத அண்டை வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. உதவித்தொகை நாளன்று கிராமத்துக் கடையில் எண்ணெயும் உப்பும் சோப்பும் விற்கின்றன. மீன் பிடிப்பவருக்கும் கோழி வளர்ப்பவருக்கும் வாடிக்கை கிடைக்கிறது. எட்வர்ட் டெய்லர் குழுவினர் உருவாக்கிய உள்ளூர்ப் பொருளாதார மாதிரியின்படி, ஜாம்பியத் திட்டத்தின் ஒவ்வொரு குவாச்சாவும் அப்பகுதி வருமானத்தில் 1.79 குவாச்சாவை உண்டாக்கக்கூடும். இது மாதிரிக் கணக்கு. நேரடி அளவீடு கென்யாவின் சியாயா மாவட்டத்தில் நடந்தது. 653 ஊர்களில் 10,500 ஏழைக் குடும்பங்களுக்குச் சுமார் 1,000 டாலர் வீதம் கொடுக்கப்பட்டது. அது பணம் பாய்ந்த ஊர்களின் ஆண்டு வருமானத்தில் 15 சதவீதத்தை எட்டும் தொகை. இவ்வளவு பணம் கொட்டினால் விலைவாசி எகிறும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சராசரி விலை உயர்வு 0.1 சதவீதம் மட்டுமே. பெரும்பாலான நாட்களில் ஆளின்றி இருந்த கடைகளும் அரவை ஆலைகளும் கூடுதல் வேலையை அப்படியே ஏற்றுக்கொண்டன.

இலவசப் பணம் குடிக்குப் போகும், ஆட்களைச் சோம்பேறியாக்கும், தொகைக்காகவே பிள்ளை பெறத் தூண்டும் என்ற மூன்று அச்சங்களும் எல்லா நாடுகளிலும் எழுகின்றன. இவற்றை ஒதுக்கிவிடக் கூடாது; வரிப்பணம் செலவாகும்போது கேட்க வேண்டிய கேள்விகள்தாம். டேவிட் எவன்ஸும் அன்னா போப்போவாவும் பல நாடுகளின் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மது, புகையிலைச் செலவு கூடியதற்குப் பொதுவான சான்று கிடைக்கவில்லை; சற்றே குறைந்ததற்கான அறிகுறிதான் இருந்தது. ஜாம்பியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையே தகுதி என்பதால் பிள்ளைப்பேறு பற்றிய அச்சத்துக்கு அங்கே கூடுதல் காரணம் இருந்தது. தனியாக ஆராய்ந்தார்கள், பிள்ளைப்பேறு கூடவில்லை. உழைப்பு பற்றி ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

பணத்தால் ஆகாதவையும் இருக்கின்றன, அவற்றில் ஒன்று மனத்தை உறுத்துவது. ஜாம்பியாவில் உணவு கூடியும், குழந்தைகளின் வயதுக்கேற்ற உயரம் சராசரியாகக் கூடவில்லை. தூய குடிநீர் கிடைத்த வீடுகளிலும், தாய் ஓரளவு படித்திருந்த வீடுகளிலும் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. அசுத்தமான நீரால் ஓயாமல் வயிற்றுப்போக்கு வரும் குழந்தைக்குக் கூடுதல் களி உடலில் ஒட்டுவதில்லை. கிணறு தோண்டுவதையும் சுகாதார நிலையத்துக்குச் செவிலியரை அனுப்புவதையும் தனித்தனித் தாய்மார் 60 குவாச்சாவைக் கொண்டு செய்துவிட முடியாது. அவை இருக்கும் இடத்தில் பணம் கூடுதலாகச் சாதிக்கிறது. சியாயாவில் பின்னர் செய்த கணக்கெடுப்பில், பணம் பெற்ற குடும்பங்களில் ஓராண்டுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. மருத்துவமனைக்கு அருகில் இருந்த ஊர்களில் பலன் அதிகம்.

தொகையின் அளவும் காலப்போக்கில் தேய்கிறது. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் 60 குவாச்சா என்ற விதியால், நான்கு பேர் உள்ள வீட்டுக்குக் கிடைத்த தெம்பு பத்துப் பேர் உள்ள வீட்டுக்குக் கிடைக்கவில்லை. மாவு விலை ஏற ஏற, மாற்றாமல் விட்ட தொகை வாங்கும் மாவின் அளவு குறைந்துகொண்டே போகும். 2018-இல் ஜாம்பியாவின் விரிவாக்கப்பட்ட திட்டத்தில் நிதி முறைகேடு வெளிப்பட்டதும் பிரிட்டன் உள்ளிட்ட நன்கொடை நாடுகள் தங்கள் நிதியை நிறுத்திவைத்தன. குற்றம் செய்தவர் யாராக இருந்தாலும், தவணை நின்றால் மறுபடியும் அடுத்தவர் வயலுக்குக் களையெடுக்கப் போக வேண்டியவர்கள் பட்டியலில் பெயர் இருந்த தாய்மார்தாம்.